சோலோ வந்தது, கிட்டாரைக் காணோம்

இரண்டாவது சரணம் முடிகிறது. கிட்டாரிஸ்ட் மேடை விளிம்புக்கு வருகிறார், ஒரு காலைத் தூக்கி மானிட்டர் ஸ்பீக்கர் மேல் வைக்கிறார், கண்ணை மூடிக்கொள்கிறார். முதல் தந்தியில் பதினைந்தாவது ஃப்ரெட்டைப் பிடித்து இழுக்கிறார், முகம் கோணுகிறது. டிரம்ஸ் கேட்கிறது, பேஸ் கேட்கிறது, கீபோர்டு ரொம்ப நன்றாகவே கேட்கிறது. கிட்டார் மட்டும் எங்கே என்று தெரியவில்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவிலும் முகம்தான் சோலோ வாசிக்கிறது.

வாசிப்பில் குறை எதுவும் இல்லை. கோளாறு ஆம்பின் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியின்) முகப்பில் வரிசையாக நிற்கும் ஈக்யூ ஸ்லைடர்களில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒலியின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றும், இறக்கும். மீசா பூகி நிறுவனத்தின் மார்க் வரிசை ஆம்ப்களில் அவை ஐந்து, தாழ்ந்த சுரத்திலிருந்து உச்சம் வரை: 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ். கைக்குக் கிடைத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஓரத்து இரண்டையும் மேலே ஏற்றி, நடுவில் இருக்கும் 750-ஐப் பாதாளத்துக்கு இறக்குவார்கள். பார்க்க அழகான வி வடிவம். வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் குறைவாக வைத்துக் கேட்டால் சொர்க்கம். மெதுவான சத்தத்தில் நம் காது தாழ்ந்த சுரங்களையும் உச்சச் சுரங்களையும் குறைவாகத்தான் வாங்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. அந்தக் குறையைத்தான் வி வடிவம் நிரப்புகிறது. பயிற்சி அறையில் சத்தம் ஏறினால் காது திருந்திவிடும். ஸ்லைடர் திருந்தாது.

80 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்கெனவே கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் அடித்துக்கொண்டிருக்கின்றன. 6600 பக்கம் சிம்பல்களின் ராஜ்ஜியம். நடுவுல காலியா இருக்கு, உள்ள போங்க என்று கண்டக்டர் கத்தக் கத்த, இரண்டு படிக்கட்டிலும் தொங்கிக்கொண்டு வரும் கூட்டம் மாதிரிதான் இந்த கிட்டாரும். இன்னொரு கணக்கையும் பாருங்கள். முதல் தந்தியின் பதினைந்தாவது ஃப்ரெட் 784 ஹெர்ட்ஸ். கண்ணை மூடி உருகி உருகி இழுத்தாரே, அதே இடம். அதற்குப் பக்கத்தில் இருக்கிற 750 ஸ்லைடரைத்தான் அவரே கையால் தரையோடு தேய்த்து வைத்திருக்கிறார்.

"அண்ணே, சோலோ கேக்கவே இல்ல."

"அப்படியா? மாஸ்டர் வால்யூமை ஏத்துறேன் இரு."

ஏற்றுவார். டிரம்மர் இன்னும் ஓங்கி அடிப்பார். பேஸ்காரர் சத்தம் காட்டாமல் ஒரு புள்ளி கூட்டிக்கொள்வார். அரை மணி நேரத்தில் பாடகர் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே டீ குடிக்கப் போயிருப்பார். சத்தம் இரு மடங்காகக் காதுக்குப் படவேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் ஏறவேண்டும். அதற்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். 50 வாட் ஆம்பை விற்று 100 வாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல், கூடவே முதுகுவலி. அதே 3, 4 டெசிபலை 750-இல் மட்டும் ஏற்றிப் பாருங்கள், கிட்டார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும்.

சிலருக்கு இன்னொரு யோசனை வரும்: ஐந்தையும் மொத்தமாக மேலே தள்ளிவிடுவது. அதற்குப் பெயர் வால்யூம். இரைச்சல் இலவசம்.

மார்க் வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. பேஸ், மிடில், டிரெபிள் திருகுகள் கெயினுக்கு, அதாவது உறுமும் டிஸ்டார்ஷன் பிறக்கும் கட்டத்துக்கு, முன்னால் வருகின்றன, ஸ்லைடர்கள் கெயினுக்குப் பின்னால். அதனால் பேஸ் திருகை 2, 3-க்கு மேல் வைத்தால் டிஸ்டார்ஷன் கொழகொழவென்று ஆகிவிடும். திருகைக் குறைத்துவிட்டு, இழந்த கனத்தை 80 ஸ்லைடரில் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ரிதத்துக்கு (பாட்டுக்குத் துணையாக வாசிக்கும் பகுதிக்கு) வி வடிவம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ரிதத்தில் ஈக்யூவைப் போட்டு வைத்து, சோலோவில் ஃபுட்சுவிட்சால் அணைத்துவிடுங்கள். அமுங்கிக் கிடந்த நடுப்பகுதி தானாக எழுந்து வரும். ஓரங்களில் ஏற்றியிருந்தது போய்விடுவதால் மொத்த சத்தம் கொஞ்சம் இறங்கக்கூடும். மார்க் ஃபைவில் இதை ஈடுகட்டத் தனியாக ஒரு சோலோ திருகே கொடுத்திருக்கிறார்கள்.

ஆம்பில் ஸ்லைடர் இல்லாதவர்கள் பாஸ் நிறுவனத்தின் ஜிஇ-7 மாதிரி ஒரு ஈக்யூ பெடலை வாங்கிக்கொள்ளலாம். 100 முதல் 6400 ஹெர்ட்ஸ் வரை ஏழு ஸ்லைடர், ஓரத்தில் லெவல். எல்லாமே 15 டெசிபல் மேலும் கீழும் போகும். போகும் என்பதற்காகப் போகவேண்டியதில்லை. ஆரம்பத்துக்கு இப்படி வையுங்கள்: 100-ஐ 4 குறைத்து, 200-ஐ நடுவில் விட்டு, 400-ஐ 1 ஏற்றி, 800-ஐ 4, 1600-ஐ 3 ஏற்றி, 3200-ஐ நடுவிலேயே விட்டு, 6400-ஐ 3 குறைத்து, லெவலை 3 ஏற்றுங்கள். 6400-ஐக் குறைப்பதால் நஷ்டம் அதிகமில்லை. கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் எப்படியும் படுத்துவிடும். அங்கே ஏற்றினால் கூடுவது பெரும்பாலும் 'ஸ்ஸ்ஸ்'தான்.

பெடலை எங்கே சொருகுகிறோம் என்பதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். டிஸ்டார்ஷனுக்கு முன்னால், அதாவது கிட்டாருக்கும் ஆம்பின் இன்புட்டுக்கும் நடுவில் வைத்தால் சத்தம் ஏறாது, கெயின்தான் ஏறும். டிஸ்டார்ஷனில் ஏற்கெனவே உச்சி வெட்டுப்பட்டு நிற்கும் சிக்னலை இன்னும் தள்ளினால் அது மேலும் நசுங்குமே தவிர உயராது. சோலோ உயரவேண்டுமென்றால் எஃபெக்ட்ஸ் லூப் வேண்டும், கெயினுக்குப் பின்னால் பெடலைச் சொருகும் வழி அது. ஆம்பின் செண்ட் ஜாக்கிலிருந்து பெடல் இன்புட்டுக்கு, பெடல் அவுட்புட்டிலிருந்து ஆம்பின் ரிட்டர்ன் ஜாக்குக்கு. லூப் பேரலல் வகையென்றால் மிக்ஸ் திருகை முழுக்கத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஈக்யூ படாத சிக்னலும் கூடவே கலந்து, செய்த வேலையில் பாதி காணாமல் போகும். லூப்பின் லெவலைக் குறைக்க வசதி இருந்தால் குறையுங்கள். சில ஆம்ப்களின் லூப், 9 வோல்ட் பெடலால் தாங்க முடியாத அளவுக்கு அடிக்கும், பெடலே கரகரக்கும்.

எல்லாம் சரியாக வைத்தும் பெடலை மிதித்தால் ஒலி தடிக்கிறது, உயரவில்லையா? ஸ்பீக்கரைத் தள்ளும் கடைசிக் கட்டமான பவர் ஆம்ப் தன் எல்லையை முட்டிவிட்டது என்று அர்த்தம். ரிதத்திலேயே மாஸ்டரைக் கடைசி வரை திருகி வைத்தவருக்கு சோலோவுக்குப் போக மேலே இடம் ஏது? ரிதம் சத்தத்தை மனசுக்குப் பிடித்த அளவைவிட ஒரு சொட்டு கீழே வைத்துத்தான் தொடங்கவேண்டும். எந்த கிட்டாரிஸ்ட்டுக்கும் கசக்கிற யோசனைதான், தெரியும். இன்னொன்று, ஸ்பீக்கர் கேபினெட் முழங்கால் உயரத்தில் நின்று காலுக்குத்தான் வாசித்துக்கொண்டிருக்கும். அதைச் சாய்த்து வையுங்கள், அல்லது மூன்று மீட்டர் தள்ளி ஸ்பீக்கருக்கு நேரே குனிந்து கேட்டுவிட்டு அப்புறம் ஸ்லைடரைத் தொடுங்கள்.

மேடையில் சவுண்ட் எஞ்சினியரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் தனி நாடகம் அரங்கேறும். சோலோ வந்ததும் கிட்டாரிஸ்ட் பெடலை மிதிப்பார், மீட்டர் எகிறும், எஞ்சினியர் மிக்ஸரில் ஃபேடரை (சத்தத்தின் ஸ்லைடரை) இறக்குவார். சோலோ முடிந்ததும் கிட்டாரிஸ்ட் அணைப்பார், ஃபேடர் கீழேயே கிடக்கும்.

"அண்ணே, கிட்டாரைக் கொஞ்சம் ஏத்துங்க."

"இப்பதானே தம்பி கத்துச்சு, அதான் இறக்கினேன்."

கிட்டார் சானலில், எகிறும் சத்தத்தை அமுக்கும் கம்ப்ரசரைப் போட்டிருந்தாலும் இதே கதைதான், நீங்கள் ஏற்றிய 4 டெசிபலில் பாதியை அது விழுங்கிவிடும்.

பெடலை அணைக்க மறப்பவர்கள் வேறு ஜாதி. பாடகர் சரணத்தைத் தொடங்குவார், கிட்டார் அவர் தலைமேல் உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஏற்றி வைத்த 800-ம் 1600-ம் அவர் சொற்கள் புரியவேண்டிய இடத்தில்தான் மோதுகின்றன. பெடலின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று மேடை வெளிச்சத்தில் தெரியாது, பாடகர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

ஜிஇ-7-இன் ஸ்லைடர்கள் பையில் உராய்ந்து நகர்ந்துவிடும். வைத்த இடத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள், மேலே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நகர்த்தும்போது கரகரத்தால் தூசிதான், காண்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு போதும். பேட்டரியில் ஓட்டுபவர்கள் வேலை முடிந்ததும் இன்புட் ஜாக்கை உருவிவிடுங்கள். ஜாக் உள்ளே இருக்கும்வரை, விளக்கு எரியாவிட்டாலும் பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.