புளிக்குழம்புக்கு எந்த பாட்டில்? குமுளி நாட்குறிப்பு

அக்டோபர் 27, 2024, ஞாயிறு

மத்தி வறுவலுக்கு சோவின்யான் பிளாங் என்ற வெள்ளை ஒயின் நன்றாகவே பொருந்தியது.

தேக்கடியில் ஒரு ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் பாட்டில் திறந்து ஊற்றுவது என் வேலை. அங்கே இந்த மீனுக்கு இது, அந்தக் கறிக்கு அது என்று மெனுவிலேயே போட்டிருக்கும். நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் பிவரேஜில் (கேரள அரசு மதுக்கடை) கிடைக்கிற நாசிக் ஒயின்களில் வெள்ளையை மட்டும் வாங்கி வந்து, வீட்டில் எது சமைக்கிறதோ அதோடு குடித்துப் பார்க்கிறேன். என் மனைவி, இவளும் கூட ஒரு மடக்கு குடிப்பாள். தீர்ப்பு அவளுடையதுதான், கம்பத்துக்காரி நாக்கு.

மத்தியில் மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, அரைத்த கறிவேப்பிலை. வழக்கமாக மேலே எலுமிச்சை பிழிவோம். இன்று பிழியவில்லை, அந்த வேலையை ஒயினின் புளிப்பே செய்துவிட்டது. வாயில் தங்கிய எண்ணெய் ஒவ்வொரு மடக்குக்கும் கழுவிக்கொண்டு போனது. இந்தத் திராட்சைக்கு ஒரு பச்சை வாசனை உண்டு, குடைமிளகாயை நறுக்கும்போது வருமே அதே வாசனை. பைரசின் என்ற பொருள்தான் இரண்டுக்கும் காரணம். கறிவேப்பிலையோடு அது சண்டை போடவில்லை.

"சிவப்பு ஒயின் ஏன் வேணாங்கிறீங்க?" என்று கேட்டாள். மீனோடு சிவப்பைக் குடித்தால் சில சமயம் பழைய மீன் வாடை கிளம்பும். ஒயினில் இருக்கும் இரும்புதான் அதற்குக் காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். மத்தி போல எண்ணெய் மிகுந்த மீனென்றால் கேட்கவே வேண்டாம்.

அக்டோபர் 30, புதன்

இரவு பருப்பு, நெய், உருளைக்கிழங்குப் பொரியல், அப்புறம் ரசம். அதே பாட்டிலின் மிச்சம். பருப்புச் சாதம் வரைக்கும் எல்லாம் சரி. ரசம் வந்ததும் ஒயின் வெறும் தண்ணீராகிவிட்டது.

காரணம் எளிது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், திராட்சையில் முக்கியமாக இருப்பதும் அதே அமிலம்தான். தட்டில் புளிப்பு கூடுதலாக இருந்தால் கிளாஸில் இருக்கும் புளிப்பு நாக்குக்கு எட்டாது. ஒயின் சாப்பாட்டுக்குச் சமமாகவாவது புளிக்க வேண்டும். நம் ரசத்துக்குச் சமமாகப் புளிக்கிற ஒயினை எவனும் காசு கொடுத்து வாங்கமாட்டான். போதாததற்குச் சூடும் மிளகும் வேறு. என்னைக் கேட்டால் ரசத்துக்கு ஒயினே தேவையில்லை, அதுவே குடிக்கிற பொருள்தானே.

நவம்பர் 1, வெள்ளி

கேரளாவில் மாதத்தின் முதல் தேதி மதுக்கடை கிடையாது. கூடலூரிலிருந்து மச்சினன் போன் போட்டு, "மச்சான், நான் வேணா இங்கிருந்து ஒண்ணு வாங்கிட்டு ஏறி வரவா?" என்றான். வேண்டாமென்றேன். செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்டுகிற வயசு எனக்கில்லை. தவிர, நாளை கந்த சஷ்டி தொடங்குகிறது, இவள் விரதம். சூரசம்ஹாரம் முடியும்வரை ஃபிரிட்ஜில் பாட்டில் இருக்கக்கூடாது என்று உத்தரவு.

நவம்பர் 9, சனி

இன்றுதான் உண்மையான பரீட்சை. கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் குழம்பும். பக்கத்து வீட்டுச் சேச்சி சொல்லிக்கொடுத்த கோட்டயம் பக்குவம்: சின்ன வெங்காயம், நிறைய மிளகாய்த்தூள், குடம்புளி. புகை போட்டுக் காய்ந்த அந்தக் கறுப்புச் சுளை சட்டியில் கிடக்க, குழம்பு ரத்தச் சிவப்பாக இருந்தது. நம் புளியின் கூர்மை குடம்புளிக்குக் கிடையாது. அதன் அமிலமும் வேறு, ஹைட்ராக்சி சிட்ரிக். நாக்கின் ஓரத்தில் நின்று மெதுவாகப் புளிக்கும்.

முதலில் சோவின்யான். ஒரே மடக்கில் காரம் இரண்டு மடங்கானது. இதை வேலையிடத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்: காரமான மீன் குழம்பு கேட்டுவிட்டு ஓக் மரப் பீப்பாயில் ஊறிய ஷார்டனே என்ற வெள்ளை ஒயினையும் திறக்கச் சொல்வார்கள், பிறகு தண்ணீர் ஜக்கு காலியாகும். மிளகாய் எரியும் நாக்கில் ஆல்கஹால் பட்டால் எரிச்சல் ஏறத்தான் செய்யும். பீப்பாயின் கசப்பு வேறு துருத்திக்கொண்டு நிற்கும்.

அடுத்தது ஷெனின் பிளாங், லேசான இனிப்பு உள்ளது. இவள் கப்பையை விண்டு, குழம்பில் தோய்த்து, மீன் துண்டை மேலே வைத்து வாயில் போட்டாள். கண்ணில் நீர் கட்டியது. ஒரு மடக்கு குடித்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "காரம் கொறஞ்சிருச்சுங்க. மீனு அப்படியே இருக்கு" என்றாள். இதைவிடத் தெளிவாக எங்கள் மேனேஜர்கூடச் சொன்னதில்லை. இனிப்பு மிளகாயை அடக்குகிறது, அடியில் இருக்கும் புளிப்பு குடம்புளிக்கு ஈடு கொடுக்கிறது. ஷெனினுக்கு இது பிறவிக் குணம். பிரான்சில் லுவார் ஆற்றங்கரைத் திராட்சை அது, எவ்வளவு பழுத்தாலும் புளிப்பை விடாது.

மீனா, கறியா, காயா என்று பார்ப்பது நமக்கு உதவாது என்றுதான் தோன்றுகிறது. மத்தியும் மீன்தான், இதுவும் மீன்தான். அங்கே பொருந்தியது இங்கே எரிகிறது. பார்க்க வேண்டியது மசாலாவை: எவ்வளவு புளி, எவ்வளவு மிளகாய், தேங்காய் உண்டா.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தால் வாசனையே தெரியாது. கால் மணி நேரம் வெளியே வைத்து, எட்டிலிருந்து பத்து டிகிரிக்கு வந்தபின் ஊற்றவேண்டும். குமுளிக் குளிருக்கு இன்னும் கொஞ்சம் கூட வைக்கலாம்.

நவம்பர் 12, செவ்வாய்

ஆப்பம், காய்கறி இஷ்டு. தேங்காய்ப் பாலும் இஞ்சியும் கீறிய பச்சை மிளகாயும்தான், புளி இல்லை. ஷார்டனேயைத் திட்டியிருந்தேனே, அதற்கு ஏற்ற இடம் இதுதான். பாலின் கொழுப்பும் ஒயினின் வெண்ணெய் மணமும் சேர்ந்துகொண்டன. மச்சினன் சீனி தொட்டு ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டே ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். தட்டில் இனிப்பு கூடினால் ஒயின் நாக்குக்கு வெறும் புளிப்பாகத் தெரியும். பாயசத்துக்கும் இதே கதிதான், அதைவிட இனிப்பான ஒயின் வேண்டும்.

நவம்பர் 14, வியாழன்

அத்தை கம்பத்திலிருந்து மொச்சையும் பன்னீர் திராட்சையும் கொண்டுவந்தார். அவர் முன்னால் பாட்டில் எடுக்க முடியாது. அவர் தூங்கப் போனபின், ஆறிய மொச்சைக் குழம்போடு ரீஸ்லிங் எடுத்தேன். மல்லி வறுத்து அரைத்த குழம்பு. பூ மணமுள்ள வெள்ளை ஒயின் இதோடு எவ்வளவு நன்றாகச் சேர்கிறது என்று எனக்கே ஆச்சரியம். மல்லி விதையின் மணத்துக்குக் காரணமான லினலூல்தான் மஸ்கட் வகைத் திராட்சைகளிலும் மணக்கிறது, ரீஸ்லிங்கிலும் கொஞ்சம் உண்டு. குழம்பில் புளி கம்மி என்பதும் உதவியது.

நம் கம்பம் பன்னீர் திராட்சையும் மஸ்கட்தான், மஸ்கட் ஹாம்பர்க். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுப்புத் திராட்சை என்பதால் என் வெள்ளைக் கணக்கில் சேராது. ஆனால் அத்தை கொண்டுவந்த கூடையை மோந்து பார்த்தபோது, உலர் வெள்ளை மஸ்கட் ஒரு பாட்டில் எங்காவது கிடைத்தால் மொச்சைக்கு அதைத்தான் வைப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

நாளை கார்த்திகை ஒன்று, மாலை போடுகிறேன். மச்சினனும்தான். மூடியைத் திருகி வைத்தாலும் திறந்த வெள்ளை மூன்று நாலு நாளுக்கு மேல் நிற்காது. மிச்ச ரீஸ்லிங்கைப் பக்கத்து வீட்டுச் சேட்டனிடம் கொடுத்தேன். "பீஃபுக்குப் பற்றுமோ?" என்று கேட்டார். தேங்காய்க் கொத்து போட்டு வறுத்ததென்றால் மிளகு கம்மியாகப் போடச் சொல்லுங்கள் என்றேன். அது நடக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மகரஜோதி முடிந்து வந்ததும் கருவாட்டுக் குழம்பு.