ஆங்கிலக் கதைக்குப் பின்பாட்டு

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி என்றால், பாடநூல் கதையை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் குறிப்பெடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மதியத்துக்குப் பிறகு பாதிப் பேருக்குக் கண் சொருகிவிடும். அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. கதை சொல்லும் திறமை கேட்டு வருவதல்ல, வாயால் சொல்லிச் சொல்லித்தான் வரும். அதனால் இலக்கியத்தைக் கொண்டு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சியில், முதல் ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் வாயைத் திறந்தாக வேண்டும்.

குமரி மாவட்டத்தில் அதற்கு வில்லுப்பாட்டு கைகொடுக்கிறது. அம்மன் கொடை, மாடன் கொடை என்னும் கோயில் விழாக்களில் வில்லடி கேட்டு வளர்ந்த ஊர்கள் இங்கே நிறைய. முன்னே இருப்பவர் ஒரு வரி பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள், இடையிடையே 'ஆமா' போட்டுக் கதையை நகர்த்துவார்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கதையில் கொடுக்க வேண்டிய வேலையும் இதுதான். கதையை ஆசிரியர் சொல்வார், திரும்பத் திரும்ப வரும் வரி பிள்ளைகளுடையது. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் வகுப்பு என்பதால் சாமி கதைகளை எடுக்காமல், முறையை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. கருவிக்கும் செலவில்லை. ஒரு மண்குடம், அதன் வாயில் தட்ட ஒரு பழைய நோட்டு அட்டை, இரண்டு மரக்கட்டைகள் போதும்.

கதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் முதல் சறுக்கல். நீதி இருக்கிறதா என்று பார்த்து எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. மூன்றாம் வகுப்புக்கு எண்பது முதல் நூறு சொற்கள், புதிய சொல் ஆறுக்கு மேல் வேண்டாம், ஒரே வரி குறைந்தது ஐந்து முறை வர வேண்டும். பாட்டி வடை சுட்ட கதையை இப்படி மாற்றலாம். வடை காணாமல் போகிறது. பாட்டி பூனை, நாய், ஆடு, கோழி என்று ஒவ்வொன்றிடமும் போய் "ஹூ டுக் மை வடை?" என்று கேட்கிறாள். ஒவ்வொன்றும் "நாட் மீ, நாட் மீ!" என்கிறது. கடைசியில் மரத்தடியில் நிமிர்ந்து பார்த்தால் காக்கை. கதை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் கவனம் முழுவதும் ஆங்கிலத்துக்குக் கிடைக்கிறது. பூச்சந்தை உள்ள தோவாளைப் பக்கம் வடைக்குப் பதில் பூமாலை, தின்றது ஆடு. கடலோரத்தில் சாளை மீன். குலசேகரம் ரப்பர்த் தோட்டப் பகுதியில் பால் பிடிக்கும் சிரட்டை. ஒரு சொல் மாறினாலும் வாக்கியத்தின் கட்டு அப்படியே நிற்கும்.

அடுத்தது தாளம். இதில் கொஞ்சம் நின்று வேலை செய்ய வேண்டும். தமிழ்ப் பாட்டுக்குக் கைதட்டிய பழக்கத்தில் ஆங்கில வரியிலும் ஒவ்வோர் அசைக்கும் ஒரே கனம் கொடுத்துத் தட்டுகிறோம். "ஹூ-டுக்-மை-வ-டை" என்று ஐந்து தட்டு விழும், பேச்சு ரோபோ பேசுவதுபோல் ஆகிவிடும். ஆங்கிலத்தில் கனமான அசையில்தான் தட்டு விழ வேண்டும். 'ஹூ'வில் ஒன்று, 'டுக்'கில் ஒன்று, வடையின் முதல் எழுத்தில் ஒன்று. 'மை' தட்டில்லாமல் நழுவிப் போக வேண்டும். ஆசிரியர்கள் இதை உணர ஒரு வழி உண்டு. 1876-ல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாட்டு ஒன்று எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். முதலில் அதைக் குடத்தில் தட்டிப் பாடச் சொல்லி, உடனே ஆங்கில வரியைத் தட்டச் சொன்னால் வேறுபாடு கைக்கே தெரிந்துவிடும். விளக்கம் அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

சொல்லின் இறுதியில் 'உ' ஒட்டிக்கொள்வது இன்னொரு சிக்கல். 'டுக்' என்பது 'டுக்கு' ஆகிறது, 'கேட்' என்பது 'கேட்டு' ஆகிறது. இதைத் தனித்தனியே திருத்தினால் பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடும். 'டுக்'கையும் 'மை'யையும் இடைவெளியின்றிச் சேர்த்து, குடத்தின் வேகத்தில் பலமுறை சொல்ல வைத்தால் அந்த 'உ' நுழைய இடமே இருக்காது.

வகுப்பில் கதை சொல்லும்போது எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது, வரிக்கு வரி தமிழில் சொல்வது. பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கேட்காமல், பின்னால் வரும் தமிழுக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். "மொழிபெயர்க்காதீர்கள் டீச்சர்" என்று சொன்னால் தலையாட்டுவார்கள், வகுப்புக்குப் போனால் பழைய கதைதான். பிள்ளையின் நிலை எப்படி என்று அவர்களே பட்டுத் தெரிந்தால்தான் மாறும். அதற்கு அவர்களுக்குத் தெரியாத மொழியில் அறுபது சொல் கதை ஒன்றைப் பயிற்றுநர் சொல்ல வேண்டும். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோட்டுப் பக்கம் இதற்கு மலையாளம் உதவாது, எல்லோருக்கும் புரிந்துவிடும். வங்காளமோ மராத்தியோ பேசுகிற ஒருவரிடம் உச்சரிப்பைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளலாம். முதல் முறை வெறும் வாயால் சொல்ல வேண்டும், யாருக்கும் ஒன்றும் புரியாது. இரண்டாம் முறை ஆறு பட அட்டைகளோடும் கை அசைவோடும். மூன்றாம் முறை பின்பாட்டு வரியை அவர்களே சொல்வார்கள், ஒரு வார்த்தை தமிழ் இல்லாமலே. இதைச் செய்து முடித்த பிறகு மொழிபெயர்ப்பைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியிருக்காது.

தமிழே கூடாது என்று சொல்ல வரவில்லை. கதைக்கு முன்னால் இரண்டு நிமிடம் தமிழில் பேசலாம். வீட்டில் வடை சுடும்போது பூனை எங்கே இருக்கும் என்று கேட்கலாம், பிள்ளைகள் அவரவர் வீட்டுப் பேச்சில் பதில் சொல்லட்டும். கதை தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். புரிந்ததா என்று கேட்பதும் வீண். "யெஸ் டீச்சர்" என்று வகுப்பே கத்தும். அட்டைகளைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். அல்லது "த டாக் டுக் த வடை" என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்க்கலாம். புரிந்த பிள்ளை "நோ!" என்று எழுந்தே நிற்கும்.

கூட்டமாகச் சொல்லும்போது கடைசி வரிசை வாயை மட்டும் அசைக்கும். அதனால் மூன்றாம் முறையில் வகுப்பைப் பூனை, நாய், ஆடு, கோழி என்று நான்காகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பதில் வரி கொடுக்க வேண்டும். அச்சடித்த கதை அதற்குப் பிறகுதான் கண்ணில் பட வேண்டும். முதலிலேயே புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக் கூட்டும் வேலை தொடங்கி, கதை செத்துவிடும்.

இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் இதெல்லாம் நடக்குமா என்ற கேள்வி நியாயமானது. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளைக் கற்றல் அளவுப்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளை இங்கே பயன்படுத்தலாம். கதை எல்லோருக்கும் ஒன்றே. அரும்பு நிலைப் பிள்ளைகள் பின்பாட்டு மட்டும் சொல்வார்கள். மொட்டு நிலையில் அட்டைகளை அடுக்கிப் பெயர் சொல்வார்கள். மலர் நிலையில் வரிகளை வாசித்து, வடையை எடுத்துவிட்டு வேறொரு பொருளை வைத்து எழுதுவார்கள். அவர்கள் எழுதும் நேரத்தில் அரும்புக் குழுவோடு இன்னொரு முறை குடம் தட்டலாம்.

எல்லாவற்றையும் உள்ளூராக்கிவிடும் ஆர்வமும் சிலருக்கு வருகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. பனி கொட்டும் ஊரும் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் வீடும் ஆங்கிலக் கதைகளோடு வருவதுதான் இலக்கியத்தின் பயன்களில் ஒன்று. ஒரு கதைக்குத் தெரியாத பொருள் ஒன்று போதும், அதற்கு நல்ல படம் ஒன்று வேண்டும். நான்கைந்து சேர்ந்துவிட்டால் பிள்ளை கதையை விட்டுவிடும்.

பயிற்சியின் பிற்பகல் முழுவதும் ஆசிரியர்களே கதை சொல்ல வேண்டும். ஆறு பேர் கொண்ட குழு, ஆளுக்கு ஏழு நிமிடம், ஒருவர் சொல்லும்போது மற்ற ஐந்து பேர் பிள்ளைகள். பார்வைத் தாளில் மூன்றே கேள்விகள்: கதை நடுவில் தமிழ் எத்தனை முறை வந்தது, பின்பாட்டு எத்தனை முறை வந்தது, கண் புத்தகத்தில் இருந்ததா பிள்ளைகள் மேல் இருந்ததா. இருபது கேள்வி உள்ள படிவத்தை யாரும் மனசார நிரப்ப மாட்டார்கள்.

'எனக்கே இங்கிலீஷ் சரியா வராது சார்' என்ற தயக்கம் பலரிடம் உண்டு. அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இலக்கணம் சொல்லிக் கொடுத்து அது தீராது. கதையின் ஒரு பக்கத்தில் மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, கனமான சொற்களுக்கு அடிக்கோடிட்டு, மூன்று முறை உரக்க வாசித்து, நான்காவதைக் கைபேசியில் பதிவுசெய்து தானே கேட்க வேண்டும். பயிற்சி முடிந்தபின் வாரம் ஒரு நிமிடப் பதிவை ஆசிரியர்களின் கைபேசிக் குழுவில் போடச் சொல்லலாம். முதலில் தன் குரலில் வாசித்தது, இரண்டு வாரம் கழித்து வகுப்புப் பிள்ளைகளின் பின்பாட்டு. அந்தப் பதிவில் ஆசிரியரின் குரல் பிள்ளைகளின் குரலை அமுக்கிக் கேட்டால், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தின் அடுத்த கூட்டத்தில் அந்த ஆசிரியரோடு பின்பாட்டுப் பகுதியை மட்டும் மறுபடி செய்து பார்க்க வேண்டும்.