இயற்பியல் சார் காட்டிய இருமுனை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் +2 படித்த காலத்தில் இயற்பியல் சார் நடத்திய பாடங்களுள் எனக்கு இன்றுவரை சோறு போடுவது இருமுனைதான். நேர் மின்னூட்டம் ஒன்று, அதே அளவில் எதிர் மின்னூட்டம் ஒன்று, நடுவே சிறு இடைவெளி. கூட்டினால் சுழி. ஆனாலும் சுற்றிலும் மின்புலம் உண்டு. இடைவெளியைவிட வெகுதூரம் தள்ளிப் போனபின், தூரம் இரட்டித்தால் அந்தப் புலம் எட்டில் ஒரு பங்காகும்.

கரும்பலகையோடு சார் விடவில்லை. வடமுனை, தென்முனை என இரண்டுள்ள காந்தமும் இருமுனைதான் என்று காட்ட வந்தார். ஆய்வகத்து இரும்பு மேசை ஆகாதென்று, தண்ணீர்த் தொட்டியை வராண்டாவுக்குத் தூக்கிவரச் சொன்னார். தெர்மோகோல் துண்டின்மேல் சட்டக் காந்தத்தைக் கிழக்கு மேற்காக வைத்து மிதக்கவிட்டார். அது மெல்லத் திரும்பியது, இப்படியும் அப்படியும் ஆடியது, வடக்கு தெற்காக நின்றது. “வடக்கே போகுதா, பாருங்கடா!” என்றார். போகவில்லை. அந்தத் தொட்டியளவு இடத்தில் பூமியின் காந்தப்புலம் சீரானது. இரு முனைகளிலும் சம விசை, எதிரெதிர்த் திசை. அதனால் திருப்பும், இழுத்துக்கொண்டு போகாது. இதைவிடத் தெளிவான விளக்கத்தைப் பிறகு எந்தக் கல்லூரியிலும் நான் கேட்டதில்லை.

வேதியியலிலும் இதுவே வந்தது. நீர் மூலக்கூறு 104.5 பாகையில் வளைந்திருப்பதால் அதற்கு இருமுனைத் திருப்புத்திறன், அதாவது இருமுனையின் வலிமை, உண்டு. டிபை என்ற அலகில் 1.85. கார்பன் டை ஆக்சைடு நேர்கோட்டில் இருப்பதால் இரு பக்கமும் சமன்பட்டுச் சுழியாகிவிடும்.

நான் பிழைக்க வந்தது ஆன்டெனா தொழிலுக்கு. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அலை நீளத்தில் பாதியளவு கம்பியால் ஆன இருமுனை ஆன்டெனாவுக்கு 1.5 மீட்டர் என்று கணக்கு வரும். கம்பியை வெட்டும்போது சற்றுக் குறைத்து 1.43 அளவில் வைப்போம். கம்பியின் நுனி பார்க்கும் திசையில் அலை போகாது, பக்கவாட்டில்தான் வீச்சு. கூரையில் ஏறும்போதெல்லாம் சாரை மனதுக்குள் வணங்கிக்கொள்வேன்.

கடலுக்கும் இருமுனை உண்டென்பது வெளிநாடு வந்த பிறகே தெரிந்தது. சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகாட்டா ஆகிய ஆய்வாளர்கள் 1999-இல் எழுதியது. இங்கே மின்னூட்டம் கிடையாது, வெப்பநிலை வேறுபாடுதான். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் அது நேர்நிலை. 2019-இல் அது மிக வலுவாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் நாங்கள் வறட்சியையும் காட்டுத்தீயையும் பார்த்தோம். கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம்.

தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் என் பள்ளி செட் நண்பனிடம் போனில் இதைச் சொன்னேன். “அப்போ நம்ம ஐப்பசி மழைக்கு எப்படிடா?” என்றான். நேர்நிலை பெரும்பாலும் நம் வடகிழக்குப் பருவமழைக்குச் சாதகம், ஆனால் அதை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதே என்றேன்.