மொறிஸ் மைனர் வயறிங்: பொனற்றுக்குள் முடிந்தவரை

எங்கள் மொறிஸ் மைனர் 1000இன் பொனற்றைத் திறந்தால் தெரிகிற வயர்களில் பாதிதான் இங்கிலாந்தில் கௌலி தொழிற்சாலையில் போட்டவை. மீதி எல்லாம் யாழ்ப்பாணத்தில் ஏறியவை. 1098 சிசி எஞ்சின் வந்த பிறகான கார், 1962க்குப் பிந்தியது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. அப்போது கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள், கார் ஓடியது. ஆகவே பழைய மெக்கானிக்மாரைத் திட்ட எனக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் கட்டியதை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது.

ஹெட்லைற் மங்கல். பள்ளத்தில் விழுந்தால் பெற்றோல் மீற்றரும் வைப்பரும் ஒன்றாக நின்று, அடுத்த பள்ளத்தில் தாமாகவே வரும். பொனற்றுக்குள் ஒரு கருகல் மணம். புது வயர்க்கட்டு ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துப் போடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. காசு ஒருபுறம் இருக்க, இருப்பது எது எங்கே போகிறது என்று தெரியாமல் புதியதைப் போட்டால், பழைய பிழையும் புது உறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே முதலில் ஒவ்வொரு வயரையும் கண்டுபிடிப்பது, பிறகுதான் கட்டுவது என்று வைத்துக்கொண்டேன்.

தொட முதல் பற்றரியைக் கழற்ற வேண்டும். இதை எல்லாரும் சொல்வார்கள், ஆனால் மைனரில் அதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. இந்தக் காரில் ஹெட்லைற்றுக்கும் இக்னிஷனுக்கும் பியூஸே இல்லை. பற்றரியிலிருந்து தடித்த கேபிள் ஸ்டார்ட்டர் சுவிச்சுக்கு வருகிறது. அங்கிருந்து மண்ணிற வயர், டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் பொக்ஸுக்குப் போகிறது. இடையில் காப்பு எதுவும் கிடையாது. கையில் இருக்கிற ஸ்பானர் அந்த மண்ணிற வயரின் முனையிலும் காரின் தகரப் பொடியிலும் ஒன்றாகப் பட்டால் வயர் முழுவதும் சிவந்து எரியும்.

அடுத்தது, இது பிளஸ் ஏர்த் கார். பற்றரியின் பிளஸ்தான் பொடியில் பூட்டியிருக்கும். வோல்ற் பார்க்கும் மீற்றரின் கறுப்புக் கம்பியைப் பழக்கதோசத்தில் பொடியில் வைத்தால் எல்லா வாசிப்பும் மைனஸில் வரும். சிவப்பைப் பொடியில் வைத்துக்கொண்டால் தலையிடி இல்லை. எஞ்சினின் பொறிக்கு வோல்ற்றைக் கூட்டிக் கொடுக்கும் கொயிலிலும் கவனம் வேண்டும். காரின் மின்சாமான்களைச் செய்த லூக்காஸ் கம்பனியின் பழைய கொயிலில் எஸ்டபிள்யூ (சுவிச் பக்கம்), சிபி (டிஸ்ரிபியூற்றர் பக்கம்) என்று பொறித்திருக்கும், புதியதில் பிளஸ், மைனஸ் மட்டும்தான். இந்தக் காரில் இக்னிஷனிலிருந்து வரும் வெள்ளை வயர் மைனஸுக்கும், பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூற்றருக்குப் போவது பிளஸுக்கும் வர வேண்டும். மாறிப் போட்டாலும் எஞ்சின் ஓடும், பொறி பலவீனமாக இருக்கும். எங்களுடையது மாறித்தான் இருந்தது. எத்தனை வருடம் அப்படி ஓடியதோ.

லூக்காஸ் நிறக் கணக்கு மண்டையில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவி திருப்பினால் வருவது. பச்சை, அதே வெள்ளை பியூஸைத் தாண்டிய பிறகு. நீலம் ஹெட்லைற்: வெள்ளைக் கோடு போட்டது ஹைபீம், சிவப்புக் கோடு போட்டது டிம். சிவப்பு பார்க் லைற்றுக்கும் ரெயில் லைற்றுக்கும். கறுப்பு ஏர்த். டைனமோவிலிருந்து வருகிற இரண்டில் தடித்த மஞ்சள் கன்ட்ரோல் பொக்ஸின் டி முனைக்கு, பச்சைக் கோடு போட்ட மஞ்சள் எஃப் முனைக்கு.

சிக்கல் என்னவென்றால் அறுபது வருடத்தில் எல்லா நிறமும் ஒரே ஊத்தை நிறமாகிவிட்டது. எண்ணெயும் தூசியும் சூடும் சேர்ந்து வெள்ளையையும் பச்சையையும் மண்ணிறமாக்கி வைத்திருந்தன. மேலே துடைத்துப் பார்த்துப் பயனில்லை. முனையில் இருக்கும் ரப்பர் உறையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால், உள்ளே வெளிச்சமே படாத இடத்தில் பழைய நிறம் பளிச்சென்று இருக்கிறது. ஒரு வயரில் சிவப்புக் கோடு, நேற்றுப் போட்ட சாயம் போலத் தெரிந்தது. பார்த்த உடனேயே மாஸ்கிங் ரேப்பில் எழுதி ஒட்டிவிட வேண்டும். பிறகு செய்வோம் என்று விட்டால் மறுபடி தேட வேண்டியதுதான்.

பியூஸ் பெட்டியில் இரண்டே இரண்டு பியூஸ். ஏ1, ஏ2 என்ற முனைகளுக்கு இடையில் ஒன்று, ஹோர்னுக்கு. ஏ3, ஏ4 இடையில் மற்றது: வெள்ளை உள்ளே, பச்சை வெளியே. வைப்பர், பிரேக் லைற், பெற்றோல் மீற்றர், சிக்னல் எல்லாம் இந்த ஒன்றில் தொங்குகின்றன. அந்தக் கண்ணாடிப் பியூஸின் மேலே செம்புக் கம்பி மூன்று சுற்று. கம்பியை எடுத்துப் பார்த்தால் உள்ளே பியூஸ் எப்போதோ போயிருக்கிறது. பிடிக்கிற கிளிப்பும் தளர்ந்து, விரலால் தட்டினால் ஆடியது. பள்ளத்தில் மீற்றரும் வைப்பரும் நின்றதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

புதுப் பியூஸ் வாங்கும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். லூக்காஸ் 35 அம்பியர் என்றால் 35இல் எரிந்து போகும் என்று அர்த்தம். தொடர்ந்து தாங்குவது ஏறத்தாழ 17 அம்பியர்தான். கடையில் 35 என்று கேட்டு, தொடர்ந்து 35 தாங்குகிற வகையை வாங்கிப் போட்டால் பியூஸுக்கு முதல் வயர்தான் எரியும். நான் 15 அம்பியர் போட்டிருக்கிறேன், இதுவரை போகவில்லை.

சோட் (வயர் தகரத்தில் பட்டு மின்சாரம் குறுக்கே போவது) இருக்கிறதா என்று பார்க்க பியூஸ் ஒவ்வொன்றாக எரிக்கத் தேவையில்லை. பியூஸ் இருக்கிற இடத்தில் 21 வாட் சிக்னல் பல்ப் ஒன்றை வயர் வைத்துத் தொடுத்தேன். எங்கேயாவது சோட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். இரண்டு அம்பியருக்கு மேல் போக அது விடாது. பிறகு வயர்க்கட்டை ஒவ்வோர் இடமாக அசைக்க வேண்டும். பல்ப் அணைகிற இடத்தில் கள்ளன். எங்களுடையது, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற பின்சுவர் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் தகரத்தில் நேரே உரசிக்கொண்டிருந்தது. கருகல் மணமும் அங்கிருந்துதான்.

நிறக் கணக்கில் வராத வயர்களும் இருந்தன. வீட்டு வயறிங்கில் போடும் ஒற்றைக்கம்பி வயர் இரண்டு துண்டு. அது காருக்கு ஒத்துவராது, அதிர்வில் உள்ளுக்குள்ளேயே முறியும், வெளியே தெரியாது. ஒன்று ஏற்கெனவே முறிந்திருந்தது. இன்னுமொன்று பற்றரி மைனஸிலிருந்து நேரே டாஷ்போட்டுக்குக் கீழே இரண்டு திருகாணி முனைகளுக்குப் போனது. எதற்கென்று விளங்கவில்லை. வெட்டப் போகிறேன் என்று பெரியப்பாவுக்குச் சொன்னேன்.

“உதை வெட்டாதை தம்பி. கரண்ட் இல்லாத காலத்தில உதிலதான் ரேடியோ கொழுவி நியூஸ் கேட்டனாங்கள். அயலட்டை முழுக்கக் காருக்குப் பக்கத்தில வந்து நிக்கும்.”

வெட்டவில்லை. பற்றரியிலிருந்து கழற்றி, பியூஸ் ஒன்றை இடையில் வைத்துத் திரும்பப் பூட்டினேன். ரேடியோ இப்போது இல்லை.

அதிக நேரம் எடுத்தது கனெக்டர்கள். குண்டு முனையை ரப்பர் உறைக்குள் செருகுகிற வகை. எங்கள் ஊரின் கடற்காற்று இதற்குப் பகை. வெளியே ரப்பர் நன்றாக இருக்கும், உருவினால் உள்ளே பச்சைக் களிம்பு. உரசித் துடைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் வயரின் உறையைக் கொஞ்சம் சீவினால் செம்பு உள்ளேயும் கறுத்திருக்கும், ஈயம் ஒட்டாது. செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டிக்கொண்டு போய், புதுக் குண்டு முனை வைத்து ஈயம் பிடித்து, உறைக்குள் கொஞ்சம் வசலீன் தடவிச் செருகினேன். கட்டையாகிப்போன வயருக்கு ஒட்டுப்போட வேண்டி வந்தது. ஹெட்லைற்றுக்கு 2 சதுர மில்லிமீற்றர், மற்றதுகளுக்கு 1 சதுர மில்லிமீற்றர். கோடு போட்ட வயர் இங்கே கிடைக்காது, கொழும்பில் கார்ச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லியும் கிடைக்கவில்லை. அடிநிற வயரை எடுத்து, இரண்டு முனையிலும் கோட்டின் நிறத்தில் சுருங்கும் உறையைப் போட்டுவிட்டேன். நாளை இன்னொருவர் திறந்தாலும் வயறிங் படத்தைப் பார்த்து வேலை செய்யலாம்.

ஹெட்லைற் மங்கலுக்குக் காரணம் பல்பும் இல்லை, டைனமோவும் இல்லை. பற்றரியில் 12.4 வோல்ற், லைற்றின் முனையில் 10.6. பாதி இழப்பு கனெக்டரில், மற்றப் பாதி ஏர்த்தில். கறுப்பு வயரின் வளையத்தை யாரோ பெயின்ற் அடித்த தகரத்தின் மேலேயே பூட்டியிருந்தார்கள். பெயின்றைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கிய பிறகு 12.0. வோல்ற் பத்தில் ஒன்று குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒன்று போய்விடும் என்பதால், கண்ணுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஹலோஜன் போடு, ரிலே போடு என்று சொன்ன நண்பர் இப்போது கதையில்லை.

கட்டுகிற வேலை கடைசியாகத்தான். சாதாரண கறுப்பு இன்சுலேஷன் ரேப் எஞ்சின் சூட்டில் உருகிப் பசையாகும், பிறகு கழற்றுபவர் கையெல்லாம் பிசின். பசையில்லாத பிவிசி ரேப்பை எடுத்து, கிளையின் நுனியிலிருந்து தொடங்கித் தண்டை நோக்கி, பாதிக்குப் பாதி மேலேறச் சுற்றினேன். முடிகிற இடத்தில் மட்டும் துணி ரேப் ஒரு சுற்று. சைலன்சர் பக்கம் இடது புறம், ஆகவே எல்லாவற்றையும் வலது பக்கமாகக் கொண்டுவந்து, பழைய துளைகளிலேயே கிளிப் வைத்தேன். பின்சுவர் ஓட்டைக்குப் புது ரப்பர் வளையம்.

இப்போது பொனற்றுக்குள் உரிமை தெரியாத வயர் ஒன்றுதான் மிச்சம். வெள்ளை போலவும் இருக்கிறது, மங்கிய பச்சை போலவும் இருக்கிறது. டாஷ்போட்டுக்குப் பின்னால் போகிறது, முனையில் ரேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். மீற்றர்களைக் கழற்றினால்தான் அது எங்கே வருகிறது என்று தெரியும். மாரி மழை தொடங்கிவிட்டது, கார் நிற்கிற கொட்டிலும் ஒழுகுகிறது. டாஷ்போட் தை மாதத்துக்குப் பிறகுதான்.