கதை கேட்கும் முகம்

டீக்கடை டிவியில் ‘காதலிக்க நேரமில்லை’. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடம்.

வடை மாஸ்டர் கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். “அண்ணே, வடை கருகுது!”

“இருப்பா, கதை முடியட்டும்.”

1964-ல் வந்த படம். கடையில் இருந்த பாதிப் பேர் அப்போது பிறந்தே இருக்க மாட்டார்கள்.

ரோட்டு இரைச்சலில் வசனம் ஒன்றும் காதில் விழவில்லை. அதனால் பாலையாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன மனுஷன்!

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நாகேஷ் கையை ஆட்டுகிறார், கண்ணை உருட்டுகிறார், சத்தம் எழுப்புகிறார். பயத்தை நமக்குக் காட்டுவது பாலையாதான். அத்தனை அதட்டல் போடும் பணக்கார அப்பா, தன் மகன் அளக்கும் சினிமாக் கதைக்கே உட்கார்ந்த இடத்தில் வெலவெலத்துப் போகிறார். வாயைத் திறந்து ஜோக் ஒன்றும் சொல்வதில்லை.

‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழமும் இதே கணக்குதான். கவுண்டமணி தொண்டை கிழியக் கத்துகிறார். ஆனால் செந்தில் துளி குற்ற உணர்ச்சி இல்லாமல் நிற்பதால்தான் அந்தக் கோபம் எடுபடுகிறது. செந்தில் உதட்டோரம் லேசாகச் சிரித்திருந்தாலும் போச்சு.

(யார் பெரியவர் என்று இங்கே சண்டை வேண்டாம், ப்ளீஸ்.)

வடிவேலு மட்டும் இந்தக் கணக்கில் அடங்க மாட்டார். சவடால் விடுபவரும் அவர்தான், அடுத்த நொடி நடுங்குபவரும் அவர்தான். இரண்டு ஆள் வேலையை ஒரே முகம் பார்க்கிறது.

அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆரம்பித்தால் இன்றைக்கு ஆபீஸ் போன மாதிரிதான்.