தாத்தாவைத் தேடும் வேலை: ஐந்தாம் மாத நிலவரம்

எங்கள் வீட்டில் தாத்தாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் உண்டு. "ஜப்பான்காரன் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனான், திரும்பல." சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. இதைச் சொல்லிவிட்டுப் பாட்டி வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிடுவார். மேற்கொண்டு கேட்க யாருக்கும் வாய் வராது. படம் கிடையாது. தமிழ்நாட்டில் எந்த ஊர் என்றும் தெரியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவன், சரி, தேடித்தான் பார்ப்போமே என்று இறங்கினேன்.

முதல் இரண்டு மாதமும் சயாமிலேயே போயிற்று. 1942, 43இல் ஜப்பான் ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் சுமார் 7,000 போர்க்கைதிகளுக்கு வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் வெட்டிய கல் இல்லை. இல்லாத பட்டியலில் ஆளைத் தேடுகிறோம் என்பது எனக்கு உறைக்கவே எட்டு வாரம் ஆனது.

அப்புறம் தோட்டத்தைப் பிடிக்கப் பார்த்தேன். பாட்டி சொன்னது 'கம்பிப்பாலத்துத் தோட்டம்'. எந்த வரைபடத்திலும் அப்படி ஒன்று இல்லை. எப்படி இருக்கும்? துரைமார் வைத்த பெயர் ஒன்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தில் புழங்கிய பெயர் வேறு. கடைசியில் கோயிலில், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே விரல் காய்த்துப்போன ஒரு பாட்டிம்மாவைப் பார்த்தேன். "அந்தப் பாலமா? வெள்ளத்துல அடிச்சிட்டுப் போயிருச்சு ஐயா. பால் வாளியோட நடந்தா ஆடும், காலெல்லாம் பால் தெறிக்கும். இப்ப பூரா செம்பனை எண்ணெய்த் தோட்டம்" என்றவர், போகிற போக்கில் அதன் வெள்ளைக்காரப் பெயரையும் சொல்லிவிட்டார். வாயில் நுழையாத பெயரை அவர் உருட்டிய விதத்தை எழுதிக்கொள்ள எனக்கு மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். அப்பாவின் பிறப்புப் பத்திரம், அத்தையின் பிறப்புப் பத்திரம், இரண்டிலும் அதே தோட்டம். தாத்தா பெயர் மட்டும் வேறு மாதிரி. ஒரு கிராணி, அதாவது எழுத்தர், 'முத்து'வுக்கு 'யு' போட்டிருக்கிறார், இன்னொருவர் இரண்டு 'ஓ' போட்டிருக்கிறார். அத்தை பத்திரத்தின் வலது ஓரம் மடிந்து கிழிந்து, யாரோ ஒட்டிய டேப் பழுத்துப்போய் எழுத்தை மறைத்திருந்தது. ஐந்து மாதமாக என் மேசையிலேயே கிடந்த தாள்தான், மடிப்பைப் பிரிக்க எனக்குத்தான் தோன்றவில்லை. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.

அத்தை பிறந்தது 1943. பதிவு செய்த ஆண்டு 1946. தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் தாத்தா பெயர், பக்கத்தில் 'தகப்பன்'.

போர் முடிந்து மறு வருஷம், செத்துப்போன மனுஷன் மகளுக்குப் பத்திரம் எடுக்கப் போயிருக்கிறார்!

அத்தையிடம் படித்துக் காட்டினேன். 82 வயது. நெடுநேரம் தாளையே பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு மூணு வயசு தம்பி. தூக்கி வச்சிருப்பாரே, ஒண்ணும் ஞாபகம் இல்லையே" என்றார். பிறகு, "ஊருக்குக் கப்பல் ஏறிட்டாரோ?" நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போருக்குப் பின் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 'ரஜூலா' கப்பல் ஓடியது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் என்றால் பாட்டியின் வெற்றிலைக்கும் அர்த்தம் புரிகிறது. ஆனால் இது வெறும் ஊகம், கோப்பில் எழுதவில்லை.

எழுதியது வேறு. எங்கள் ஊர்ப்பக்கம் 1948 ஜூன் 16இல் தோட்டத் துரைமார் மூவரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அதே ஆண்டு, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் வைத்து ஐசி, அதாவது அடையாள அட்டை, கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை இங்கே இருந்திருந்தால் தாத்தாவையும் ஒரு படம் எடுத்திருக்க வேண்டும்.

ஒரு அலுவலகத்தில் கேட்டேன். ஐசி எண் அல்லது இறந்த தேதி வேண்டுமாம். அது தெரிந்தால் நான் ஏன் வரிசையில் நிற்கிறேன்?

பாட்டியின் இரும்புப்பெட்டி அத்தை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அடியில் விரித்த பழைய பேப்பரை இதுவரை யாரும் எடுத்ததில்லையாம். சனிக்கிழமை போகிறேன்.