இலை விலை பார்க்க எடுத்த போன்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. பச்சை இலைக்கான சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதத்துக்கு ஒருமுறைதான் அறிவிக்கும். அதற்கு எதற்கு நாள் முழுக்க வாட்ஸ்அப்? திறந்தால் யாரோ அனுப்பிய கரடி வீடியோ. (எங்கள் ஊரில் கரடியெல்லாம் ஒரு செய்தியா?) ஆனால் எப்போதாவது ஒன்று நன்றாக இருந்துவிடுகிறது. வினையே அந்த 'எப்போதாவது'தான்.

உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதித்தது இதைத்தான். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றால் சீக்கிரம் விட்டுவிடும். எப்போது விழும் என்றே தெரியாத புறா கொத்திக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு 2006-ல் கணினித் துறைக்காரர் ஏசா ராஸ்கின் முடிவே இல்லாமல் உருளும் பக்கத்தை வடிவமைத்தார். அப்புறம் அவரே அதற்கு வருந்தினார்.

போனைக் கீழே வைக்க மன உறுதி வேண்டும் என்பவர்களை நான் நம்புவதில்லை. அதை எடுப்பதில் உள்ள தொல்லையைக் கூட்டினால் போதும். தேயிலைக் கொழுந்துக்கான வாட்ஸ்அப் குழு தவிர மற்ற அறிவிப்புகளை அணைத்துவிட்டேன். இன்ஸ்டாகிராம் இப்போது மகளின் கணினியில் மட்டும், ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் அடித்து. ராத்திரி போன்கள் சார்ஜ் ஆவது சமையலறையில். இந்தக் குளிரில் கம்பளியை உதறிவிட்டு யார் எழுந்து போவார்கள்? என் வீட்டுக்காரர் போகிறார், தண்ணீர் குடிக்கவாம்.